கடற்கரை ஊரில் வண்டியின் அடிப்பாகத்தைத் துருவிலிருந்து காப்பது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடி கசிய ஆரம்பித்துவிடும். கடலூரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 33 சதவீதம் இருந்தாலே நீர் கோத்துக்கொள்ளும். ஜாடியில் இருக்கும் அதே உப்புதான் உங்கள் காரின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மழை பெய்யாத நாளில், ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிகூட அடியில் இரவெல்லாம் நனைந்துகொண்டிருக்கிறது.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பழைய கார் ஒன்றை வாங்கியதும் ஆசையாக அடிப்பாகத்துக்குக் கோட்டிங் அடிக்கக் கொடுத்தேன். காலையில் விட்டேன், மதியம் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். அடியில் கருகருவென்று பார்க்கவே திருப்தியாக இருந்தது. இரண்டு மழைக்காலம் போனபின், ஒரு நாள் பஞ்சர் டயரைக் கழற்ற ஜாக்கி போட்டேன். கார் மேலே போகவில்லை. ஜாக்கிதான் ரன்னிங் போர்டுக்குள் போனது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியைத்தான் பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். கறுப்புக் கோட்டிங் ரப்பர் தோல் மாதிரி அப்படியே உரிந்து வந்தது. அதன் பின்னால் தகடே இல்லை, செம்மண் நிறத்தில் பொடிதான் இருந்தது.

கழுவிய ஈரமும் பழைய உப்பும் உள்ளே இருக்கும்போதே மேலே பூசி மூடியிருக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் சரி, இதை மறக்க வேண்டாம்: உப்பை வெளியேற்றாமல், ஈரத்தைக் காயவிடாமல் எதையும் பூசக் கூடாது. அப்படிப் பூசுவதைவிடப் பூசாமல் விடுவதே மேல். திறந்த இடத்தில் துரு பிடித்தால் கண்ணுக்காவது தெரியும்.

உப்பு எங்கிருந்து வருகிறது

துரு பிடிக்க இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்தும், துரு என்பதே ஒரு மின்வேதி மாற்றம்தான். அது போதாதென்று உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடும். உருவாகும் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பெயின்டைத் தூக்கிக் கிளப்பும். கிளம்பிய பெயின்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உப்புநீர் போய் உட்காரும்.

பனி விழும் நாடுகளில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். நமக்குக் கடலே கொண்டுவந்து தருகிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலை ஓரத்திலோ வண்டியை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். அடியிலும் அந்தப் பிசுபிசுப்புதான். மரக்காணம் உப்பளப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு லாரிக்குப் பின்னால் போனாலும், முதுநகர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீன் வண்டி சொட்டிய ஐஸ் தண்ணீர் மேல் ஓட்டினாலும் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

நாமே உப்பை அடிப்பதும் உண்டு. கடலோரத்தில் பல போர் தண்ணீர் உவர்ப்பு. அதை வைத்து வாரா வாரம் வாட்டர் வாஷ் செய்தால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் வண்டி கழுவப் பயன்படுத்தலாம் என்று நல்ல எண்ணத்தில் பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் போகிறது.

எப்போது செய்வது

மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீரெல்லாம் வடிந்து, தகடு உள்வரை காய்ந்திருக்கும். ஆவணி, புரட்டாசியில் ஒருமுறை சரிபார்த்து மெழுகுப் பூச்சு மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். மழைக்கு நடுவில் பெயின்ட் வேலை எடுக்கவே வேண்டாம்.

நேரமும் முக்கியம். காலையில் பனி காய்ந்தபின் ஆரம்பித்து, மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வருவதற்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் வழக்கமான விதி. கருவி இல்லையென்றால் சுத்தமான தகட்டில் ஈரத்துணியால் மெல்லிசாக ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் அன்றைக்குப் பிரைமர் அடிக்காதீர்கள்.

முதலில் பாதுகாப்பு

வண்டியைத் தூக்க வாட்டர் சர்வீஸ் ராம்ப்போ பிட்டோ கிடைத்தால் அரை நாள் வாடகைக்குக் கேளுங்கள். கூட்டம் இல்லாத நாளில் கொடுப்பார்கள். வீட்டில் செய்வதென்றால் சிமென்ட் தரை, டயருக்கு முட்டு, ஜாக்கியோடு நல்ல ஜாக் ஸ்டாண்ட் எல்லாம் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். அது மெதுவாக விரிசல் விடாது, ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய டயரை ரன்னிங் போர்டுக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால் அது இன்னொரு காவல். கண்ணாடியும் முகக் கவசமும் கையுறையும் போடாமல் துருவைச் சுரண்டத் தொடங்க வேண்டாம். கண்ணில் விழும் துருத்துகள் தண்ணீர் அடித்தாலே போய்விடும் தூசி அல்ல.

கழுவுதல்

நல்ல தண்ணீரைத் தேடுங்கள். ஆர்ஓ சர்வீஸ் செய்ய வருபவரிடம், நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், ஒரு டம்ளர் தண்ணீரை அளந்து கேளுங்கள். 500க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகக் கழுவலாம். 2000க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு வேண்டாம். நகராட்சிக் குழாய்த் தண்ணீரோ தொட்டியில் பிடித்த மழைநீரோ இருந்தால் கடைசி அலசலுக்காவது அதைப் பயன்படுத்துங்கள். மழைநீரைவிட நல்ல அலசல் நீர் இல்லை.

அழுத்தத்தைவிடப் பொறுமைதான் முக்கியம். உப்பு கரைய நேரம் வேண்டும். ஒருமுறை நனைத்து, பத்து நிமிடம் விட்டு, ஷாம்பு போட்டுத் தேய்த்து, மறுபடி நிதானமாக அலசுங்கள். மட்கார்டின் உள்மடிப்பு, கிராஸ் மெம்பர் எனும் குறுக்குச் சட்டத்தின் மேல்பக்கம், பெட்ரோல் டேங்கின் பட்டை, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் குழிவு எல்லாவற்றிலும் சேறு உறைந்து கிடக்கும். அந்தச் சேறு ஒரு ஈரத் துணி மாதிரி வாரக்கணக்கில் உப்புநீரைப் பிடித்து வைத்திருக்கும். விரலை விட்டுத் தோண்டி எடுங்கள். பிரஷர் வாஷர் முனையை ஆக்சில் ரப்பர் பூட், பேரிங், வயர் கனெக்டர் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் காய வைப்பது. கோட்டிங் போடும் இடங்களில் பெரும்பாலும் தவிர்க்கப்படும் வேலை இதுதான். கழுவிய வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்நாட்டுப் பக்கம் ஓட்டுங்கள். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் பக்கம், புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் பக்கம் போகலாம், கடற்கரை ஓரம் வேண்டாம். திரும்பி வந்து பஞ்சர் கடையில் காற்று வாங்கி மடிப்புகளுக்குள் ஊதச் சொல்லுங்கள். எங்கிருந்தெல்லாம் தண்ணீர் தெறிக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிறகு ஒரு முழு நாள் வெயில்.

குத்திப் பார்த்தல்

முதுநகரில் எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த டிங்கர் அண்ணன் கையில் எப்போதும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். “தம்பி, துருவை மட்டும் பாத்துட்டு இருக்காத. பெயின்ட் நல்லா இருக்கற எடத்தையும் தட்டிப் பாரு” என்பார். அதன் பிடியால் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் தகடு கெட்டி. மொத்தென்று கேட்டால் முனையைத் திருப்பிக் குத்துவார்.

மேலே பழுப்புப் பொடி மட்டும் இருந்து, தேய்த்தால் அடியில் தகடு வழவழப்பாக இருந்தால் அது மேல்துரு, ஒரு நாள் வேலை. அடுக்கடுக்காகப் பொருக்கு பெயர்ந்து, கீழே குழிகுழியாக இருந்தால் அது ஆழத் துரு. சரி செய்யலாம், ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டும். முனை உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது, வெல்டிங் வேலை. கம்பெனியில் அடித்த கோட்டிங் இறுக்கமாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். உப்பியிருந்தாலோ ஓரம் கிளம்பியிருந்தாலோ முழுவதும் உரித்து எடுங்கள்.

பிரேக் பைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் குழி விழுந்திருந்தால் சுரண்டுவதோ பெயின்ட் அடிப்பதோ கூடாது, மாற்றிவிட வேண்டும். பெட்ரோல், டீசல் பைப்புக்கும் அப்படித்தான். உயிர் சம்பந்தப்பட்ட இடம், இதில் சிக்கனம் வேண்டாம்.

காரின் உள்ளே மேட்டைத் தூக்கியும் பாருங்கள். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் முன்சீட்டுக் காலடியில் தண்ணீர் தேங்கி, தரைத் தகடு மேலிருந்து கீழாக அரிக்கும். அடியில் எவ்வளவு பூசினாலும் அதற்குப் பயன் இல்லை.

துருவை எடுத்தல்

பொருக்கை முதலில் சுத்தியலின் கூர் பக்கத்தாலும் சுரண்டியாலும் தட்டி எடுங்கள். பிறகு வயர் பிரஷ். பெரிய பரப்புக்கு கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டினால் வேகம், ஆனால் கம்பி தெறிக்கும், முழு முகத்தையும் மூடும் கவசம் போடுங்கள். டேங்க் பக்கத்திலும் பெட்ரோல் பைப் பக்கத்திலும் கிரைண்டர் கூடாது. தீப்பொறி பறக்கும், அங்கே கை வேலை மட்டும்தான். கடைசியாக 80 நம்பர் உப்புத்தாள், அதன் பின் 120. நல்ல பெயின்ட் இருக்கும் இடத்துக்கு இரண்டு விரல் அகலம் தாண்டியும் தேயுங்கள், துரு ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

குழிகளுக்குள் இருக்கும் துரு எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ அடங்கிய திரவம் அது. துருவோடு சேர்ந்து கரையாத கறுப்புப் படலமாக மாறும். நம் ஊருக்கு இது புதிய சங்கதி இல்லை. கடுக்காயையும் அன்னபேதி எனும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கறுத்ததுதான் அந்த மை. கன்வெர்ட்டரை மெல்லிசாகப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிடுங்கள். தடிப்பான பொருக்கின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் துரு அப்படியே இருக்கும். அதனால்தான் சுரண்டுவதை முதலில் சொன்னேன்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் துரு நொடியில் கரைவது உண்மை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மடிப்புக்குள் தங்கும் குளோரைடு சில நாட்களில் முன்னைவிட மோசமான துருவைக் கிளப்பும். ஸ்பிரிங், உயர்வலு போல்ட் போன்றவற்றில் ஹைட்ரஜன் ஏறி உலோகம் முறியக்கூடியதாகிவிடும். வண்டி அடியில் அதற்கு இடமே இல்லை. கழற்றி எடுத்த நட்டு, கிளாம்ப் மாதிரி சின்ன சாமான்களை வினிகரிலோ கெட்டியான புளிக்கரைசலிலோ ஒரு ராத்திரி ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசிக் காயவைக்கலாம்.

ஓட்டை விழுந்திருந்தால்

பட்டியோ ஃபைபரோ வைத்து மூடித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிப்பாகம் வண்டியின் எடையைத் தாங்கும் இடம். கெட்ட தகட்டை முழுதும் வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை வெல்ட் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், உள்ளே கார்பெட்டை எடுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் சூட்டில் தகட்டின் உள்பக்கப் பெயின்டும் எரிந்துபோகும். வெளியே அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டு உள்பக்கத்தை விட்டுவிட்டால், வெல்ட் போட்ட இடமே முதலில் துருப்பிடிக்கும்.

பிரைமரும் பெயின்டும்

சுரண்டிய இரும்பை இங்கே ஒரு ராத்திரிகூட வெறுமையாக விடக் கூடாது. சில மணி நேரத்திலேயே மஞ்சள் படர்ந்துவிடும். ஆகவே ஒரே நாளில் முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். இன்று வலது பக்கம், நாளை இடது பக்கம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமரை டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து இரண்டு கை அடியுங்கள். ரெட் ஆக்சைடு மலிவு, வீட்டு கேட்டுக்கு அது போதும். வண்டி அடிக்கு எபாக்சியையே சொல்வேன், ஈரத்தை அது நன்றாகத் தடுக்கும். பளிச்சென்ற வெறும் இரும்பு கிடைத்த இடத்தில் சிங்க் பிரைமர் நல்லது, கன்வெர்ட்டர் தடவிய இடத்தின் மேல் அதனால் பயன் இல்லை. தகட்டு விளிம்புகளுக்கும் வெல்ட் கோட்டுக்கும் முதலில் தூரிகையால் ஒரு கை கொடுத்துவிடுங்கள், ஸ்ப்ரே அங்கே மெல்லிசாகத்தான் ஒட்டும். பிரைமர் காய்ந்தபின் சேசிஸ் பிளாக் எனும் கறுப்புப் பெயின்ட்.

மேல்பூச்சு

கடையில் ரப்பர் கோட்டிங், தார் சேர்ந்தது, மெழுகு வகை என்று பலதும் கிடைக்கும். கல் தெறிக்கும் மட்கார்டு உள்பக்கத்துக்கு ரப்பர் வகை சரி. மற்ற இடங்களுக்கு நான் மெழுகு வகைதான் போடுகிறேன். அது கெட்டியாகாது, விரிசல் விடாது, மடிப்புக்குள் ஊர்ந்து போகும். அழகாக இருக்காது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைக்காது. என் ரன்னிங் போர்டு பட்ட பாட்டுக்குப் பிறகு எனக்கு அதுதான் பெரிது.

சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரம், சென்சார், ரப்பர் புஷ் எதன் மேலும் படக் கூடாது, பேப்பர் சுற்றி மறையுங்கள். கழிவு ஆயிலில் டீசல் கலந்து அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் எரிந்த எண்ணெயின் அமிலமும் நச்சும் இருக்கும், ரப்பர் புஷ்ஷை உப்ப வைக்கும், சொட்டுச் சொட்டாக நம் மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். விட்டுவிடலாம். டபிள்யூடி-40 இறுகிய நட்டைக் கழற்றவும் ஈரத்தை விரட்டவும் நல்லது. ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் காப்பு அல்ல.

பெட்டிப் பகுதிகளின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். ரன்னிங் போர்டில் வட்ட ரப்பர் பிளக் இருக்கும். அதைக் கழற்றி, நீளக் குழாய் முனையுள்ள மெழுகு ஸ்ப்ரேயை உள்ளே விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே அடியுங்கள்.

மழைக்காலத்திலும் வெள்ளத்துக்குப் பின்னும்

ஐப்பசி முதல் மார்கழி வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். ஈரமான வண்டிமேல் கவர் போட வேண்டாம், மண் தரையைவிடச் சிமென்ட் தரை நல்லது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதோடு விட்டுவிடக் கூடாது. ஆற்று வண்டல் பெட்டிப் பகுதிகளுக்குள் புகுந்து படிந்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி, குழாயை உள்ளே விட்டு, தெளிந்த நீர் வரும்வரை அலசி, காற்று ஊதிக் காயவைத்து, மெழுகு அடிக்க வேண்டும். சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி வெயிலில் போடுங்கள்.

மீன் ஏற்றும் சின்ன லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஐஸ் கரைந்த தண்ணீர் தொட்டியின் துளை வழியாக நேராகச் சேசிஸ் மேல்தான் ஒழுகுகிறது. அந்தத் துளையில் ஒரு முழ ரப்பர் குழாயை மாட்டி, தண்ணீர் சேசிஸுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் படாமல் வெளியே விழும்படி கட்டிவிடுங்கள். லோடு இறக்கியதும் இரண்டு குடம் நல்ல தண்ணீரை அடியில் வீசினால், ஒரு நாள் உப்பு அன்றைக்கே போய்விடும்.

கடைசியாக வடிகால் துளைகள். கதவின் அடி விளிம்பிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கோட்டிங் அடிக்கும்போது அடைபடுவது இவைதான். வயர் கட்டும் பிளாஸ்டிக் டேக்கை விட்டு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். என் காரில் அந்த டிங்கர் அண்ணன் ஒரு துளையைக் குத்தித் திறந்தது பங்குனி மாதத்தில். மழையே இல்லை. அரை டம்ளர் செந்நிறத் தண்ணீர் கையில் ஒழுகியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், “உப்புடா தம்பி” என்றார்.